அம்மாவும் ஓடியிருப்பாள்

கமாய்ஷி நகரத்து வகுப்பறை ஒன்றில் பாடம் முடியும் தறுவாயில் பேராசிரியர் கேட்ட முதல் கேள்விக்குப் பிள்ளைகள் ஒரே குரலில் பதில் சொன்னார்கள். பள்ளியில் இருக்கும்போது நிலம் குலுங்கினால் என்ன செய்வீர்கள்? மேட்டுக்கு ஓடுவோம். சரி, நீங்கள் ஓடிவிட்டீர்கள். அந்த நேரத்தில் உங்கள் அம்மா என்ன செய்துகொண்டிருப்பார்?

வகுப்பு அடங்கிப்போயிற்று. அம்மா என்ன செய்வாள் என்பது ஒவ்வொரு பிள்ளைக்கும் தெரியும். தன்னைத் தேடிக்கொண்டு பள்ளிக்கு வருவாள். அவள் வரும் வழி, கடல் ஏறி வரும் அதே தாழ்ந்த தெரு.

அன்று அவர் கொடுத்த வீட்டுப்பாடம் அதைப் பற்றியதுதான். வீட்டுக்குப் போங்கள், நான் கட்டாயம் ஓடிவிடுவேன், என்னைத் தேடி வராதே, நீயும் ஓடு என்று அம்மாவிடம் சொல்லுங்கள். அம்மா நம்பும்வரை சொல்லுங்கள். பெற்றோரிடமும் அவர் தனியாகப் பேசினார். பிள்ளை இப்படிச் சொல்லும்போது வெறுமனே தலையாட்டிவிடாதீர்கள், உட்கார்ந்து பேசுங்கள் என்றார். இளையவர்களுக்கு ஆபத்துக் காலப் பயிற்சி கொடுப்பது என்றாலே விசில், வரிசை, தீயணைப்புக் குடுவை, முதலுதவிப் பெட்டி என்றுதான் நினைவு ஓடுகிறது. அந்த வீட்டுப்பாடத்தில் இவை எதுவும் இல்லை. இரவுச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு பிள்ளையும் தாயும் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டிய ஒன்றை அது கேட்டது.

கேள்வி கேட்டவர் கதாதா தோஷிதகா. அப்போது குன்மா பல்கலைக்கழகப் பேராசிரியர். குன்மா கடலே தொடாத மாநிலம். அங்கிருந்து ஜப்பானின் வடகிழக்குக் கரையான சன்ரிக்குவுக்கு, இவாத்தே மாநிலத்தின் இரும்பாலை நகரமான கமாய்ஷிக்கு, 2004-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர் வந்துபோகத் தொடங்கினார். முதலில் பெரியவர்களைக் கூட்டித்தான் பேசினார். எந்தக் கூட்டம் என்றாலும் வருகிற முகங்களே வந்தன. யாருக்காகப் பேச வந்தாரோ அவர்கள் வரவில்லை. அப்போதுதான் பள்ளிக்கூடங்களின் பக்கம் திரும்பினார். இன்றைக்குப் பத்து வயதுப் பிள்ளை இன்னும் பத்து ஆண்டில் பெரியவன். அதற்கும் மேலே பத்து ஆண்டு போனால் அவனே தகப்பன். அதுவரை பொறுத்தால் ஊரே மாறியிருக்கும் என்பது அவர் போட்ட கணக்கு.

ஆனால் தொடக்கத்தில் அந்தப் பிள்ளைகள் ஓடுவோம் என்று சொல்லவில்லை. சுனாமி எச்சரிக்கை வந்தால் ஓடுவாயா என்று கேட்டதற்கு, மாட்டேன், எங்கள் தாத்தாவே ஓடமாட்டார் என்றது ஒரு பதில். எங்கள் ஊரில் பெரிய தடுப்புச் சுவர் இருக்கிறதே என்றது இன்னொன்று. இரண்டுமே பெரியவர்களிடமிருந்து வந்தவைதான். கமாய்ஷி விரிகுடாவின் வாயில் 1978-இல் தொடங்கி 2009-இல் கட்டி முடித்த அலைதடுப்பு அணை 63 மீட்டர் ஆழத்திலிருந்து எழுந்து நின்றது. உலகிலேயே ஆழமானது என்று கின்னஸ் ஏட்டில் பதிவானது. இத்தனை பெரிய ஒன்று காவலுக்கு நிற்கும்போது ஓடுவது மரியாதைக் குறைவு போலத் தோன்றியிருக்கலாம். தாத்தா ஓடாத வீட்டில் பேரன் ஓடமாட்டான். பேராசிரியருக்கு இது புரிந்தது. பிள்ளைகளைக் கடலைக் காட்டி மிரட்ட அவர் விரும்பவில்லை. பயமுறுத்திச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைக்குப் பயம்தான் தங்கும், ஊரின் மேல் வெறுப்பும் சேரும். கொஞ்ச நாளில் பயம் தேய்ந்துவிடும்.

அவர் செய்த காரியங்களில் ஒன்று, பிள்ளைகளிடம் வெள்ள அபாய வரைபடத்தைக் கொடுத்தது. வீட்டைத் தேடுங்கள், பள்ளியைத் தேடுங்கள் என்றார். வண்ணம் தீட்டிய பகுதிக்கு வெளியே வீடு இருந்த பிள்ளைகள் மகிழ்ந்துபோனார்கள். உடனே அவர் சொன்னார்: இந்த வரைபடத்தை நம்பாதீர்கள். முன்பு வந்த அலையை வைத்து வரைந்தது இது, அடுத்த அலைக்கு இது தெரியாது. அரசு அச்சிட்ட தாளை ஆசிரியர் முன்னிலையில் ஒருவர் நம்பாதே என்று சொன்னது அந்தப் பிள்ளைகளுக்கு எப்படி இருந்திருக்கும்! பிற்பாடு அவருடைய பெயரோடு சேர்ந்து சொல்லப்பட்ட மூன்று விதிகளில் முதலாவது அதுதான். கணிப்புகளுக்குள் சிக்கிக்கொள்ளாதே. இரண்டாவது, அந்த நேரத்தில் உன்னால் முடிந்த எல்லாவற்றையும் செய். மூன்றாவது, ஓடுவதில் நீ முதல் ஆளாக இரு.

மூன்றாவது விதிதான் கடினமானது. மணி அடிக்கும்போது மனிதர்கள் முதலில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். மற்றவர் எழுந்திருக்கவில்லை என்றால் தானும் உட்கார்ந்துகொள்கிறார்கள். முதலில் எழுந்து ஓடுகிறவன் அசட்டுப் பட்டம் வாங்கத் தயாராக இருக்க வேண்டும். ஒன்றும் நடக்கவில்லை என்றால் கேலி நிச்சயம். அந்தக் கேலிக்கு அஞ்சாத பிள்ளையை உருவாக்க அவர் நினைத்தார். ஆசிரியர்களும் தங்கள் பங்குக்குப் பாடங்களுக்குள்ளேயே கடலைக் கொண்டுவந்தார்கள். கணக்கு வகுப்பில் அலையின் வேகம் வந்தது. நன்னெறி வகுப்பில் உறவும் உயிரும் வந்தன. பேரிடர் என்று தனியாக ஒரு நாள் ஒதுக்கியிருந்தால் அது அந்த நாளோடு போயிருக்கும்.

சன்ரிக்குக் கரையில் இதற்கென்றே ஒரு சொல் உண்டு: தெந்தென்கோ. அவரவர், தனித்தனியே என்று பொருள். சுனாமி வந்தால் தாயென்று பாராமல், பிள்ளையென்று பாராமல், அவரவர் ஓடுங்கள். கேட்ட மாத்திரத்தில் கல்நெஞ்சுக்காரர் சொல்லாகத் தோன்றும். ஆனால் 1896 ஜூன் 15 இரவு வந்த சுனாமியில் அந்தக் கரையில் ஏறத்தாழ 22,000 பேர் இறந்தார்கள். கமாய்ஷியில் மட்டும் ஊரில் பாதிக்கு மேல் போயிற்று. ஒருவரை ஒருவர் தேடிக்கொண்டு நின்ற குடும்பங்கள் பூண்டோடு அழிந்தன. யாராவது ஒருவராவது மிஞ்ச வேண்டும் என்ற பெருந்துயரத்திலிருந்து பிறந்தது அந்த வழக்கம்.

அந்தச் சொல்லை நாடறியச் செய்தவர் சுனாமி வரலாற்றை எழுதிய யமாஷிதா ஃபுமியோ. 1933 மார்ச் 3 அதிகாலை அடுத்த பெரிய அலை வந்தபோது அவர் சிறு பிள்ளை. அப்பா கடைக்குட்டியான அவருடைய கையைப் பிடிக்காமலே ஓடிவிட்டார். பையன் தானாகப் பனிமலையில் ஏறித் தப்பினான். பின்னாளில் அம்மா அதைச் சொல்லிக் குத்திக்காட்டும்போதெல்லாம் அப்பா தெந்தென்கோ என்று ஒரே சொல்லில் பதில் சொல்வாராம். 2011-இல் மீண்டும் பெரிய அலை வந்தபோது யமாஷிதா எண்பதைத் தாண்டிய நோயாளியாக ரிக்குசென்தகாதா மருத்துவமனையின் நான்காம் மாடியில் படுத்திருந்தார். தண்ணீர் அந்த மாடிக்கும் ஏறியது. சன்னல் திரையைப் பற்றிக்கொண்டு உயிர் தப்பினார். அந்த ஆண்டின் முடிவில் இறந்தார். வாழ்நாள் முழுக்க அலையைப் படித்தவரின் கணிப்பையும் அலை மீறிக்காட்டியது.

தெந்தென்கோவைத் தன்னலம் என்று படித்தால் தவறிவிடும். கதாதா அதைப் பிள்ளைகளுக்கு விளக்கிய விதம் வேறு. தாய் தனியாக ஓட வேண்டுமானால் பிள்ளையும் ஓடியிருப்பான் என்ற நம்பிக்கை அவளுக்கு வேண்டும். அந்த நம்பிக்கை அலை வரும் நேரத்தில் முளைக்காது. பத்துத் தடவை பேசி, வழியைச் சேர்ந்து நடந்து பார்த்து, எங்கே சந்திப்பது என்று முடிவு செய்து, கோபித்துக்கொண்டு, சமாதானமாகி, அப்புறம்தான் வரும். தனித்தனியே ஓடுவதற்கு அத்தனை நெருக்கம் தேவைப்படுகிறது.

2011 மார்ச் 11, வெள்ளிக்கிழமை. பிற்பகல் 2.46 மணிக்கு நிலம் குலுங்கியது. நிலநடுக்கத்தின் அளவு 9.0. கமாய்ஷியின் வடக்கே உனோசுமாய் என்ற பகுதியில் நடுநிலைப் பள்ளியும் தொடக்கப் பள்ளியும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. இரண்டுமே வரைபடத்தில் அபாயப் பகுதிக்கு வெளியே இருந்தவை. மின்சாரம் போனதால் பள்ளி ஒலிபெருக்கி வேலை செய்யவில்லை. நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகள் அறிவிப்புக்குக் காத்திருக்கவில்லை, ஓடத் தொடங்கினார்கள். தொடக்கப் பள்ளியில் முதலில் பிள்ளைகளை மூன்றாம் மாடிக்கு ஏற்றியிருந்தார்கள். அண்ணன்களும் அக்காக்களும் கத்திக்கொண்டு ஓடுவதைச் சன்னல் வழியே பார்த்ததும் அவர்களும் இறங்கி ஓடினார்கள்.

முன்பே குறித்துவைத்த இடம் ஒரு முதியோர் இல்லம். அங்கே போய்ச் சேர்ந்தபோது பின்னால் இருந்த மலைச்சரிவு சரிந்துகொண்டிருந்தது. இங்கே இருக்க வேண்டாம் என்றார் உள்ளூர்ப் பாட்டி ஒருவர். பெரிய பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். வழியில் மழலையர் பள்ளிக் குழந்தைகளை ஏற்றிய வண்டிகளைத் தள்ளிக்கொண்டும் ஓடினார்கள். இரண்டாவது இடத்துக்குப் போய் மூச்சு வாங்கும்போது கீழே ஊர் நொறுங்குவது தெரிந்தது. அங்கிருந்தும் மேலே ஓடினார்கள். முதலில் நின்ற இடத்தைத் தண்ணீர் விழுங்கியது. பள்ளிக் கட்டடம் மூன்றாம் மாடிவரை மூழ்கியது. இரண்டு பள்ளிகளின் ஏறத்தாழ 570 பிள்ளைகள் அந்த ஓட்டத்தில் உயிரோடு மேலே போய்ச் சேர்ந்தார்கள். அவர்கள் ஓடுவதைப் பார்த்து ஊர்க்காரர்களும் பின்னால் ஓடினார்கள்.

நகரத்தின் இன்னொரு பக்கத்தில், கமாய்ஷி தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் அன்று முன்னதாகவே வீடு திரும்பியிருந்தார்கள். ஆசிரியர் கூட இல்லை. சிலர் தெருவில் விளையாடிக்கொண்டிருந்தார்கள், சிலர் வீட்டில் தனியே இருந்தார்கள். 184 பேரும் பிழைத்தார்கள். ஓடலாம் என்று தம்பி சொன்னபோது, தெருவில் ஏற்கெனவே தண்ணீர் ஓடுவதைப் பார்த்துவிட்டு வெளியே போகாமல் மாடிக்கு அழைத்துப் போன அண்ணன் ஒருவன் அவர்களில் உண்டு. ஓடு என்று மட்டும் கற்பித்திருந்தால் அவன் ஓடிச் செத்திருப்பான். நகர் முழுக்க இருந்த ஏறத்தாழ 3,000 பள்ளிப் பிள்ளைகளில் இறந்தவர்கள் ஐந்து பேர். அவர்களும் அப்போது பள்ளியின் பொறுப்பில் இல்லாதவர்கள். ஊரில் இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் 1,000-க்கு மேல்.

செய்தித்தாள்கள் இதைக் கமாய்ஷியின் அதிசயம் என்று எழுதின. அந்தச் சொல் ஊரில் ஒட்டவில்லை. அதிசயம் இல்லை, கற்றுக்கொண்டதைச் செய்தோம் என்றார்கள் அன்று ஓடியவர்கள். பிள்ளையையோ கணவனையோ இழந்த வீட்டின் முன் நின்றுகொண்டு அதிசயம் என்று யாரால் சொல்ல முடியும்? நகராட்சியும் பின்னர் அந்தச் சொல்லைக் கைவிட்டு, கமாய்ஷியில் நடந்தது என்று மட்டும் சொல்லத் தொடங்கியது.

அதே உனோசுமாயில், அதே அரை மணி நேரத்தில், வேறொன்றும் நடந்தது. அங்கே பேரிடர்த் தடுப்பு மையம் என்ற பெயரில் ஒரு கட்டடம் ஓராண்டுக்கு முன் திறக்கப்பட்டிருந்தது. சுனாமிக்கு ஒதுங்கும் இடமாக அது குறிக்கப்படவே இல்லை. உண்மையான இடம் மலைமேல் இருந்தது. ஆனால் மேட்டுக்கு ஏற வயதானவர்களுக்குச் சிரமம், ஒத்திகைக்கு ஆள் குறைகிறது என்று ஒத்திகைகளை அந்த மையத்திலேயே நடத்தினார்கள். வருகை கூடியது. அன்று மக்கள் பழகிய காலோடு பழகிய இடத்துக்கே போனார்கள். அங்கே மட்டும் 160 பேருக்கு மேல் இறந்ததாகக் கணிக்கப்பட்டது. ஒத்திகை என்பது உடம்புக்கு எழுதும் பாடம். தவறாக எழுதினாலும் உடம்பு அதையே மனப்பாடமாக ஒப்பிக்கும். சிரமத்தைக் குறைக்க ஒத்திகையைச் சுருக்கும் ஒவ்வொரு அதிகாரியும், தலைமையாசிரியரும் அந்த மையத்தை ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

தெற்கே மியாகி மாநிலத்து இஷினோமாக்கியில் ஓகாவா தொடக்கப் பள்ளி. கடலிலிருந்து ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் உள்ளே, கிதகாமி ஆற்றின் கரையில் இருந்தது. பள்ளிக்குப் பின்னாலேயே குன்று. பிள்ளைகள் பாடத்தின் ஒரு பகுதியாகக் காளான் வளர்க்க ஏறிய குன்று. நிலம் குலுங்கியபின் பிள்ளைகளை மைதானத்தில் உட்காரவைத்தார்கள். ஏறத்தாழ 50 நிமிடம். மலைக்குப் போவோம் என்று சில பிள்ளைகள் சொன்னதாகத் தப்பியவர்கள் பின்னால் சொன்னார்கள். பள்ளியின் கையேட்டில் எங்கே ஒதுங்குவது என்ற இடத்தில் பக்கத்து வெற்று நிலம் அல்லது பூங்கா என்று பொதுவாக எழுதியிருந்தது. கடைசியில் ஆற்றுப் பாலத்தை ஒட்டிய சற்றே உயர்ந்த இடத்தை நோக்கி நடக்கத் தொடங்கினார்கள். ஆற்றின் வழியே கடல் வந்தது. 108 பிள்ளைகளில் 74 பேரும், அங்கே இருந்த 11 ஆசிரியர்களில் 10 பேரும் போனார்கள்.

கமாய்ஷிக் கதையை மட்டும் சொல்லி நிறுத்துகிறவர்கள் ஓகாவாவின் இன்னொரு உண்மையைத் தாண்டிப்போய்விடுவார்கள். அங்கே அந்த இடைவேளையில் பெற்றோர் வந்து அழைத்துப் போன பிள்ளைகளில் பெரும்பாலோர் பிழைத்தார்கள். தேடி வந்த அம்மா அங்கே சரி. பள்ளியை நம்பி வராமல் இருந்த அம்மா தன் பிள்ளையைச் சேற்றில் தேடினாள். ஆகவே தேடி வராதே என்பது எங்கும் செல்லும் விதி ஆகாது. அம்மாவை வரவேண்டாம் என்று சொல்லும் உரிமையைப் பள்ளி முதலில் சம்பாதிக்க வேண்டும். இறந்த 23 பிள்ளைகளின் குடும்பங்கள் வழக்குப் போட்டபோது செந்தாய் உயர்நீதிமன்றம் 2018-இல் தொட்டது இந்த இடத்தைத்தான். அந்த 50 நிமிடத் தடுமாற்றத்தோடு நிற்காமல், அதற்கு முன்பே கையேட்டைச் சரியாக எழுதாமல் விட்ட பள்ளியையும் கல்வி வாரியத்தையும் அது பொறுப்பாக்கியது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 140 கோடி யென்னுக்கு மேல் இழப்பீடு. பெற்றோருக்கு வேண்டியிருந்தது பணமில்லை. அந்த மைதானத்தில் என்ன நடந்தது என்ற பதில்.

தமிழ்நாட்டுக் கரைக்கு இந்தக் கதை அந்நியமில்லை. 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை காலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்களில் பெண்களும் பிள்ளைகளுமே மிகுதி. அந்தக் கரையில் சுனாமி என்ற சொல்லே அதற்குப் பிறகுதான் வீட்டுச் சொல்லானது. அதே அலை சுமத்ராவை ஒட்டிய சிமெலுவே தீவையும் தாக்கியது. 1907 அலைக்குப் பிறகு அந்தத் தீவில் பாட்டிகள் பேரப்பிள்ளைகளுக்கு ஸ்மோங் என்ற ஒரு சொல்லைப் பாட்டாகவும் கதையாகவும் சொல்லி வந்தார்கள். பெரிதாக நிலம் ஆடி, கடல் உள்வாங்கினால் மலைக்கு ஓடு என்பது அதன் சாரம். ஏறத்தாழ 78,000 பேர் இருந்த தீவில் இறந்தவர்கள் ஏழு பேர். தாய்லாந்தின் மாய் காவ் கடற்கரையில் பத்து வயது ஆங்கிலச் சிறுமி டில்லி ஸ்மித், இரண்டு வாரத்துக்கு முன் புவியியல் வகுப்பில் படித்த நுரையைக் கடலில் கண்டு கத்தினாள். அவளைப் பற்றி எழுதுகிறவர்கள் ஆசிரியரைப் பாராட்டுகிறார்கள், சரிதான். ஆனால் மகள் சொன்னதைக் காதில் வாங்கிக் காவலாளியிடம் போய்ச் சொன்ன தகப்பனும் அந்தக் கதையில் பாதி.

பிள்ளை சொல்வதைக் காதில் வாங்கும் அந்தப் பாதி தமிழ் வகுப்பறைகளில் குறைவு. 2004 ஜூலை 16-இல் கும்பகோணத்தில் சத்துணவுக் கூடத்திலிருந்து கீற்றுக் கூரைக்கு ஏறிய தீயில் 94 பிள்ளைகள் கருகினார்கள். அதற்குப் பிறகு கூரைகள் மாறின; கட்டட விதிகள் இறுகின. பாடப்புத்தகத்தில் பேரிடர் மேலாண்மை வந்தது. பிள்ளைகள் அதைப் படித்து, கோடிட்ட இடத்தை நிரப்பி, மதிப்பெண் வாங்குகிறார்கள். ஒத்திகை நாளில் தீயணைப்பு வண்டி வரும். வீரர் குடுவையைத் திறந்து நுரையடிப்பார். பிள்ளைகள் வரிசையில் உட்கார்ந்து கைதட்டுவார்கள். அந்த நாளில் அவர்கள் பார்வையாளர்கள். யாரும் அவர்களிடம், ஆசிரியர் இல்லாதபோது நீ என்ன செய்வாய் என்று கேட்பதில்லை. தண்ணீர் குடிக்கப் போகவும் அனுமதி கேட்டுப் பழகிய பிள்ளை, கூரை பற்றும்போது மட்டும் கேட்காமல் எழுந்து ஓட வேண்டும் என்று எதிர்பார்ப்பது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் அநீதி. கீழ்ப்படிதலை நல்லொழுக்கத்தின் உச்சியில் வைத்துக்கொண்டே இந்தக் கல்வியைக் கொடுத்துவிட முடியாது. சொல் பேச்சுக் கேட்கும் பிள்ளைதான் வேண்டும். ஆனால் எந்த நேரத்தில் சொல்லுக்குக் காத்திருக்கக் கூடாது என்பதையும் அதே வாய்தான் சொல்லித்தர வேண்டும். அப்படிச் சொல்ல ஆசிரியருக்குத் துணிவு வேண்டும். வீண் பீதியில் பிள்ளை ஓடிவந்துவிட்ட நாளில் திட்டாமல் இருக்கும் பொறுமையும் வேண்டும்.

உனோசுமாயில் இரண்டு பள்ளிகளும் இருந்த இடத்தில் இப்போது ஒரு ரக்பி மைதானம் இருக்கிறது. பள்ளிகளை மேட்டில் கட்டிக்கொண்டார்கள். 2019 செப்டம்பர் 25-இல் உலகக் கோப்பைக்காக ஃபிஜியும் உருகுவேயும் அங்கே மோதின. உலகெங்கிருந்தும் வந்த உதவிக்காக நகரத்துப் பள்ளிப் பிள்ளைகள் கூடி நன்றிப் பாட்டுப் பாடினார்கள். பாடியவர்களில் சிறியவர்கள் பலர் அலை வந்தபோது பிறந்திருக்கவில்லை, அல்லது கைக்குழந்தைகள்.

மழலையர் வண்டியைத் தள்ளிக்கொண்டு மேடேறிய பதினான்கு வயதுப் பெண்ணுக்கு இன்று முப்பதை நெருங்கும் வயது. பேராசிரியர் போட்ட கணக்கில் மூன்றாவது படி அவளுடையது. அவளுக்கு ஒரு பிள்ளை இருந்தால், அது கடலை அமைதியாக மட்டுமே பார்த்த பிள்ளை. ஒரு மாலை அது பள்ளியிலிருந்து ஒரு வீட்டுப்பாடத்தோடு வரும். நான் ஓடிவிடுவேன் அம்மா, என்னைத் தேடி வராதே என்று சொல்லும். அவள் கையிலிருக்கும் வேலையை வைத்துவிட்டு, எந்த வழியாக ஓடுவாய், எங்கே நிற்பாய் என்று கேட்கத் தொடங்குவாள்.